பத்தாம் வகுப்புக்கு வந்த பீரங்கிக் குண்டு

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் சொன்னார்: "டீச்சர், நம்ம ஹிஸ்டரி பாடத்துல ஒரு நிம்மதி. கெமிஸ்ட்ரி மாதிரி ஆசிட் கொட்டிடுமோன்னு பயப்பட வேண்டியதில்லை. சாக்பீஸ் தூசி மட்டும்தான்." எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாக இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பாடத்திட்டம், குறிப்பேடு, தேர்வுத்தாள் திருத்துவது பற்றியெல்லாம் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு பிற்பகலைப் பற்றி.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற நாற்சந்தியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு பள்ளியில் நான் வரலாற்று ஆசிரியை. பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் எஸ்டேட் தொழிலாளிகளின் பிள்ளைகள், மீதிப் பேர் மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். மழை பெய்தால் வகுப்பில் ஈரக் கம்பளி வாசனை அடிக்கும். ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்தால் கரும்பலகை வேர்த்துவிடும். எழுதினால் எழுத்து ஒட்டாது.

அந்த வாரம் முதல் உலகப் போர். பாடநூலில் அதை வசதியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ரகசிய உடன்படிக்கைகள், ஆயுதப் போட்டி, காலனிகள் மீதான பேராசை, தேசிய வெறி, இவை அடிப்படைக் காரணங்கள். சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டது உடனடிக் காரணம். அப்புறம் விளைவுகள். நீங்கள் இன்றும் ஏறக்குறைய அப்படித்தான் நடத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறில்லை. தேர்வுக்கு அப்படித்தான் எழுத வேண்டும்.

நடத்தி முடித்ததும் மூன்றாம் வரிசையிலிருந்து மல்லிகா எழுந்தாள். மாரமங்கலம் போகும் வழியில் உள்ள ஓர் எஸ்டேட் பங்களாவில் அவள் அப்பா பட்லர். சமையல், மேசை பரிமாறுவது, பங்களாவைத் துடைத்து மெருகேற்றி வைப்பது எல்லாம் அவர்தான். மல்லிகா அதிகம் பேசுகிற பெண் அல்ல. கேட்டால் மட்டும் விடாமல் கேட்பாள்.

"ஏனுங்க டீச்சர், ஒருத்தரச் சுட்டதுக்கு இத்தன நாட்டுக்காரங்களும் சண்டைக்குப் போயிட்டாங்களா?"

"வெடிமருந்த ரொம்ப வருஷமா அடுக்கி வெச்சிருந்தாங்க கண்ணு. அந்தத் துப்பாக்கிச் சத்தம் தீக்குச்சி மாதிரி. அவ்வளவுதான்."

நல்ல பதில். உலகம் முழுக்க வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிற பதில். சொல்லும்போது எனக்கு வெடிமருந்து எப்படி இருக்கும் என்று தெரியாது.

பிள்ளைகளுக்கு ஐரோப்பா தூரம். பக்கத்தில் கொண்டுவருவதற்காக எம்டன் கதையைச் சொன்னேன். போர் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு போட்டுவிட்டுப் போனது. சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். கில்லாடியான ஆளை நாம் இன்றும் 'அவன் ஒரு எம்டன்' என்கிறோமே, அந்தச் சொல் அப்படித்தான் நம் வாய்க்கு வந்தது என்றேன். வகுப்பு குலுங்கிச் சிரித்தது. காரணம் எனக்குத் தெரியும். எங்கள் டிரில் மாஸ்டருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயர் அது.

"அந்தக் குண்டு நம்ம மலைக்கெல்லாம் வருமுங்களா?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான்.

"நம்ம மலைக்கு அந்தச் சண்டையில எந்தக் குண்டும் வரல" என்றேன்.

அடுத்த வாரம் பள்ளியில் கண்காட்சி. எங்கள் வகுப்புக்கு உலகப் போர்தான் தலைப்பு. வரைபடங்கள், அட்டையில் வெட்டிய கப்பல், பதுங்கு குழிக்கு மண் என்று பிள்ளைகள் மும்முரமாக இருந்தார்கள். அதே சமயத்தில் மல்லிகாவின் அப்பா வேலை பார்த்த பங்களா கைமாறியது. புதிதாக வாங்கியவர் பழைய சாமான்களை ஒழிக்கச் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு பீரங்கிக் குண்டு இருந்தது. அந்தப் போரில் சண்டையிட்டுவிட்டு வந்து எஸ்டேட் வாங்கிய ஒரு வெள்ளைக்காரர் ஞாபகார்த்தமாகக் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். பழைய இரும்புக்குப் போடச் சொன்னதை, பிள்ளையின் கண்காட்சிக்கு ஆகும் என்று மல்லிகாவின் அப்பா பள்ளிக்குக் கொண்டுவந்தார். மாரமங்கலம் பஸ்ஸில், கூட்டத்துக்கு நடுவில், மடியில் வைத்துக்கொண்டு.

நான் வேறு வகுப்பில் இருந்தபோது அவர் வந்திருக்கிறார். தலைமையாசிரியருக்கு ஒரே சந்தோஷம். நேராகப் பத்தாம் வகுப்புக்கே அனுப்பிவிட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அந்த வகுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். வாசலில் டிரில் மாஸ்டர் நின்றிருந்தார். ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். சேலத்துப் பக்கத்துக்காரர். மைதானத்தில் அவர் விசில் ஊதினால் ஏரிக்கரை வரை கேட்கும். அப்படிப்பட்டவர் சுவரோடு ஒட்டி நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

நான் வாயைத் திறக்கும் முன் கையை உயர்த்தித் தடுத்தார். காற்றுப் போல ஒரு குரலில் பேசினார்.

"டீச்சர், சத்தம் போட்டுறாதீங்க. அந்தப் புள்ள மடியில இருக்கறது உசுரோட இருக்குதுங்க."

எனக்குப் புரியவில்லை. உள்ளே பார்த்தேன்.

ஆசிரியர் நிற்கும் மரமேடை மீது மல்லிகா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் குண்டு. முழங்கை நீளம், ஒரு பெரிய தெர்மாஸ் பிளாஸ்க் அளவு பருமன். உடம்பு கறுப்பு இரும்பு. முனையில் பித்தளை மூக்கு, கோயில் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. புளியைத் தொட்டுத் தொட்டு அந்த மூக்கைத்தான் அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதே மேடையின் மறுமுனையில் இரண்டு பையன்கள் குண்டை நிறுத்திவைக்கப் பலகையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் மேடை அதிர்ந்தது. அவள் மடியும் அதிர்ந்தது.

"காலி குண்டுன்னா மூக்கக் கழட்டி எடுத்துருப்பாங்க. இல்லாட்டி உடம்புல ஓட்ட போட்டு மருந்த எடுத்துருப்பாங்க. இதுல ரெண்டுமே இல்லீங்க" என்றார் டிரில் மாஸ்டர். "மூக்குலதான் அடி படக்கூடாது."

தம்பி தங்கைகளே, ஆபத்து வந்தால் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்யும் என்று கதைகளில் எழுதுகிறார்கள். என் மூளை நின்றுவிட்டது. எனக்குத் தோன்றிய முதல் எண்ணம் என்ன தெரியுமா? இவர் குடித்திருக்கிறார் என்பதுதான். ஆசிரியர் அறையில் அவர் எப்போதும் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். கை அப்படி நடுங்கும். குடிப்பழக்கம் என்று எல்லோரும் முடிவுகட்டி வைத்திருந்தோம். ஆனால் அவர் கண்ணைப் பார்த்தேன். அந்தக் கண்ணில் போதை இல்லை.

ஆணி அடிக்கிற சத்தம் மறுபடி கேட்டது. அந்தச் சத்தம்தான் என்னை நகர்த்தியது.

உள்ளே போனேன். ஓடுங்கள் என்று சொன்னால் மல்லிகாவும் ஓடுவாள், மடியில் இருப்பது தரையில் விழும். அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"சுத்திய அப்படியே கீழ வெச்சிருங்க சாமி, மெதுவா" என்று அந்தப் பையன்களிடம் சொன்னேன். வகுப்பைப் பார்த்து, "டிரில் மாஸ்டர் எல்லாத்தையும் கிரவுண்டுக்குக் கூப்பிடறாரு. பேசாம, ஒவ்வொருத்தரா வெளிய போங்க. யாராவது ஓடினா அவரு வைவாரு" என்றேன்.

எம்டன் வாசலில் நிற்கிறார். யார் ஓடுவார்கள்? பூனை மாதிரி ஒவ்வொருவராக வெளியேறினார்கள். மல்லிகாவும் எழ முயன்றாள்.

"நீ உக்காரு கண்ணு. அத நான் பாக்கணும். தேய்க்கறத நிறுத்திரு."

"எழுத்து தெரியுதுங்க டீச்சர், நெம்பரு போட்டிருக்குது" என்று மூக்கைச் சுட்டிக் காட்டினாள்.

"சரி. கை எடுத்துரு."

எடுத்தாள். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அதன் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு நம் முகம் பாடநூலைவிட நன்றாகப் படிக்க வரும். அதை மறந்துவிடாதீர்கள்.

பக்கத்து வகுப்புகளையும் டிரில் மாஸ்டர் காலி செய்துவிட்டுத் திரும்பினார். கூடவே தலைமையாசிரியர். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், நல்லவர், ஆனால் அந்த நிமிடம் அவருக்கு ஒரே பதற்றம். அட்டெண்டரைக் கூப்பிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் போட்டுவிடச் சொல்லலாம் என்றார். அட்டெண்டர் எங்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

"ஏரி வரைக்கும் வழியில எத்தன கல்லு, எத்தன படி இருக்குதுங்க" என்றார் டிரில் மாஸ்டர். "யாரும் தூக்கிட்டு நடக்க வேண்டாம். வெடி எடுக்கற ஆளுங்க வரட்டும்."

"அவங்க கீழேருந்து வர நாளைக்காயிடுமே. அதுவரைக்கும் இந்தப் பொண்ணு இப்படியே உக்காந்திருக்கறதா?"

அப்போதுதான் மல்லிகா மேடையிலிருந்து மெல்லச் சொன்னாள்.

"டீச்சர், கால் மரத்துப் போச்சுங்க."

முடிவெடுக்க நேரம் இருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சொல்லோடு நேரம் போய்விட்டது. மரத்த கால் எப்போது துள்ளும் என்று யாருக்குத் தெரியும்? பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வந்தும் வெடிக்காதது, பத்திரமாக ஒரு தடவை எடுத்தால் பொறுத்துக்கொள்ளும் என்று டிரில் மாஸ்டர் கணக்குப் போட்டார். சத்துணவு அறையிலிருந்து காலிச் சாக்குகளை வாரிக்கொண்டு வந்து மேடையில் அவள் பக்கத்திலேயே மெத்தை மாதிரி அடுக்கினார். பிறகு தன் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். காற்றில் இலை ஆடுவது போல் ஆடின.

"இந்தக் கையில ஆகாதுங்க டீச்சர்."

நான் தலைமையாசிரியரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் என் வகுப்பு. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை, வீரம் என்று எதுவும் என்னிடம் இல்லை. மேடையில் மண்டியிட்டேன். டிரில் மாஸ்டர் எனக்கு எதிரே மண்டியிட்டார். போயிருக்கலாம், போகவில்லை. தலைமையாசிரியரும் வாசலைவிட்டு நகரவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

"இடது கை அடியில போகட்டுங்க. வலது கை பின்பக்கம். மூக்குகிட்டப் போவாதீங்க. மூச்ச அடக்காதீங்க, அடக்குனா கை நடுங்கும். மூச்சு விட்டுக்கிட்டே எடுங்க."

கைக்குழந்தையின் எடை. அப்படித்தான் இருந்தது, வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரும்பு அவள் மடிச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. என் முகத்துக்கு மிக அருகில் மல்லிகாவின் முகம். அவள் மூச்சில் புளிவாசனை.

"இது எங்க ஊட்டுல தம்பி தொட்டில் கிட்டயே இருந்துச்சுங்க" என்று கிசுகிசுத்தாள். "நான் சின்னதுல உருட்டி வெளயாடுவேன்."

"பேச வேண்டாம் கண்ணு."

சாக்கின் மேல் வைத்தேன். கையை உருவினேன். டிரில் மாஸ்டர் இரண்டு பக்கமும் சாக்கைச் சுருட்டி முட்டுக் கொடுத்தார். அது உருளவில்லை. மல்லிகாவால் எழுந்து நிற்க முடியவில்லை. நானும் அவரும் இரண்டு பக்கமும் தாங்கி அவளை வெளியே கொண்டுவந்தோம். கதவைப் பூட்டினோம்.

போலீஸ் வந்தது. பள்ளியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். சப் இன்ஸ்பெக்டர் என் பெயர் கேட்டார், சொன்னேன். இனிஷியல் கேட்டார். என் அப்பாவின் பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் அவருடைய தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மல்லிகாவின் அப்பா மைதானத்தின் ஓரத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மகளைக் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. விஷயம் காதில் விழுந்ததிலிருந்து அவர் ஒரே இடத்தில் இருந்தார் என்றார்கள். பக்கத்தில் போனேன்.

"அண்ணா, ஒண்ணும் ஆகலீங்க. பாப்பா நல்லா இருக்குது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்கய்யனும் அதே பங்களாவுல பட்லருங்க. சாப்பாட்டு ரூம் கதவு காத்துல அடிச்சுக்குமுன்னு அத முட்டுக்கொடுத்து வெச்சிருப்பாங்க. வாரா வாரம் அவரு தேய்ப்பாரு. அவருக்கப்பறம் நான். பித்தள கறுத்துட்டா தொர வைவாரு." உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "எங்க ஊட்டுக்காரி சின்னவன் பிரசவத்துக்குப் படுத்திருந்தப்ப பங்களாவுல வெள்ளையடிச்சாங்க. அப்ப அத எங்க லயத்து வீட்டுக்கு எடுத்தாந்து தொட்டில் கிட்ட வெச்சிருந்தனுங்க. ஆயுத பூஜைக்கு ஆயுதமாச்சேன்னு வருசா வருசம் அதுக்குச் சந்தனம் வெச்சுப் பொட்டு வெப்பேன் டீச்சர். பொட்டு வெச்சுக் கும்பிட்டனுங்க."

அவருக்கு என்ன சொல்வது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் அதற்கு வழி சொல்லித் தரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லத் தெரியாத இடத்தில் உட்காரலாம். அது மட்டும்தான் நான் கற்றது.

சாயங்காலம் பிள்ளைகளையெல்லாம் அனுப்பிவிட்டோம். நானும் டிரில் மாஸ்டரும் ஒண்டிக்கடையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கடைக்காரர் டீ கொண்டுவந்து வைத்தார். அன்று நானும் இரண்டு கையாலும்தான் பிடித்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார்.

"எனக்கு எழுபத்தொண்ணு பாகிஸ்தான் சண்டையிலேருந்து இப்படிங்க" என்றார். "பக்கத்து பீரங்கியில குண்டு உள்ளயே வெடிச்சுருச்சு. என்னோட கூட்டாளி அங்க நின்னான். அவனப் பொறுக்கி எடுத்ததுலேருந்து கை நிக்கறதில்ல. நீங்கெல்லாம் குடிக்கறேன்னு பேசிக்குவீங்க, தெரியும். அது தேவலைன்னு உட்டுட்டேன். இதச் சொன்னா எல்லாரும் கேக்க ஆரம்பிச்சுருவாங்க, சொல்லிக்கிட்டே இருக்கணும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வகுப்பில் சொன்னதை அவரிடம் சொன்னேன். வெடிமருந்து ஏற்கெனவே அடுக்கியிருந்தது, இளவரசரைச் சுட்டது தீக்குச்சி என்று.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நீங்க கோபத்துலதான் சண்ட வருதுன்னு நினைக்கறீங்க டீச்சர். பீரங்கிகிட்ட நிக்கறவனுக்கு யாரு மேலயும் கோபம் கெடையாதுங்க. எதிரிய நாங்க பாத்ததே இல்ல. நெம்பர் சொல்லுவாங்க, அந்த நெம்பருக்குத் திருப்புவோம். சுடச் சொன்னா சுடுவோம். அப்பறம் சோறு வந்துச்சான்னு கேப்போம். ஒரு தடவ ஆரம்பிச்சுட்டா அதுக்குக் கோபமெல்லாம் வேண்டாமுங்க. தானா ஓடும்."

பல வருடங்களாக நான் நடத்திய அத்தியாயத்தை அவர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் வேறு பக்கம் திருப்பி வைத்தார். அன்றுவரை போரின் காரணங்களைக் கோபங்களாகவே நடத்தியிருந்தேன். அந்த நாடு இந்த நாட்டின் மேல் கொண்ட பகை, அவமானம், பழி. உண்மையில் இளவரசர் சுடப்பட்டதற்கும் போர் தொடங்கியதற்கும் நடுவில் ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதத்தில் எத்தனையோ பேர் நிறுத்தியிருக்கலாம். மற்றவன் முதலில் நிறுத்தட்டும் என்று ஒவ்வொருவனும் காத்திருந்தான். அதற்குள் ரயில்கள் ஓடத் தொடங்கிவிட்டன, படைகள் ஏறிவிட்டன, தொழிற்சாலைகள் இரவு பகலாகக் குண்டு வார்த்தன. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் அந்தக் குண்டுகளில் மருந்து அடைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மருந்து பட்டு அவர்கள் தோல் மஞ்சளாகியது என்று நான் படித்திருக்கிறேன். மல்லிகாவைவிட நாலைந்து வயது மூத்த ஒருத்தி தன் மடியில் வைத்து அடைத்ததாகக்கூட அந்தப் பங்களாக் குண்டு இருந்திருக்கலாம். நம் நாட்டிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். அரிசி விலை ஏறியது. சண்டை முடிகிற நேரத்தில் விஷக்காய்ச்சல் வந்து, சண்டைக்குப் போகாதவர்களையும் வாரிக்கொண்டு போனது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். பாயிண்ட் பாயிண்டாகத் தெரியும். அன்று சாயங்காலம் அது என் கையில் கனத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கீழேயிருந்து வெடிகுண்டு எடுக்கும் ஆட்கள் மலையேறி வந்தார்கள். அவர்களுடைய அதிகாரி கண்ணாடி போட்ட, சாதுவான மனிதர். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது. மணல் நிரப்பிய பெட்டியில் அதைப் படுக்கவைத்து, நடக்கிற வேகத்தில் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார்கள். பாக்சைட் தாது தோண்டிக் கைவிட்ட ஒரு குழி இருந்தது, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம். அங்கே வைத்துத்தான் வெடிக்கச் செய்யப் போவதாகச் சொன்னார்கள்.

பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தும் என் வகுப்பு முழுக்க வந்திருந்தது. மைதானத்தில் நின்றோம். சிலர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள், வேடிக்கை மாதிரி. தீபாவளி அணுகுண்டு போல இருக்கும் என்று ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

சத்தம் காதில் கேட்பதற்கு முன் காலடியில் கேட்டது. மண் ஒரு தரம் உதறியது. பிறகுதான் அந்த இடி. மலைக்கு மலை மோதித் திரும்பித் திரும்பி வந்தது. பள்ளியின் ஜன்னல் கண்ணாடிகள் கலகலத்தன. மரங்களிலிருந்த அத்தனை பறவைகளும் ஒரே நேரத்தில் மேலே எழுந்தன. மிளகுக் கொடிக்குள் இருந்து ஒரு குரங்குக் கூட்டம் கத்திக்கொண்டு ஓடியது. அதன் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. அணுகுண்டு என்று சொன்ன பையன் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். மீசை அரும்பிய பையன். பிடித்திருப்பது அவனுக்கே தெரியவில்லை. டிரில் மாஸ்டர் தரையில் குந்தி உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். அன்று அவரை எம்டன் என்று யாரும் சொல்லவில்லை. பிறகும் சொல்லி நான் கேட்டதில்லை.

அறுபது, எழுபது வருடங்களுக்கு முன்னால் எங்கேயோ செய்த பொருள். கடல் தாண்டி, மலை ஏறி, கதவுக்கு முட்டாக இருந்து, பொட்டு வைத்துக்கொண்டு, தொட்டிலோரம் தூங்கி, அதன் வேலையை அது மறக்கவே இல்லை. போரின் விளைவுகள் என்ற தலைப்பில் இதை எந்தப் பாயிண்டில் எழுதுவது?

ஜீப் திரும்பி வந்தது. அதிகாரி இறங்கித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கினார். உள்ளே முழு மருந்தும் அப்படியே இருந்தது என்றார். பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். எவ்வளவு பெரிய பள்ளம் விழுந்தது, துண்டு கிடைக்குமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். மல்லிகா பின்னால் நின்றிருந்தாள். அவள் அப்பா அவள் தோளில் கை வைத்திருந்தார். கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் கேட்டாள்.

"ஏனுங்க சார், அத யாரச் சுடறதுக்குங்க செஞ்சாங்க?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்னப் பெண்தானே என்று அவர் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை.

"அதுக்கு ஆள் அடையாளம் தெரியாதும்மா. எங்க போய் விழுதோ, அங்க யார் இருக்காங்களோ அவங்களுக்கு."

அவள் எங்கள் வகுப்பின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நேத்திக்கு நாங்கதானுங்களா?"

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவளைப் பார்த்து ஒரு தரம் தலையசைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பூட்டைத் திறந்து பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். மேடையில் சாக்குகள் அப்படியே கிடந்தன. நடுவில் அது அழுந்திக் கிடந்த பள்ளம். பாடநூலைத் திறந்தேன், மூடினேன். வருகைப் பதிவேட்டை எடுத்து முதல் பெயரிலிருந்து கூப்பிட்டேன். விடுமுறை நாளில் எதற்கு வருகை எடுக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எழுந்து நின்று, "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். ஒவ்வொரு குரலும் வந்து சேரும்வரை காத்திருந்துதான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.